ஹேவ், ஹேவ் டு, ஆட் டு: உடைமையிலிருந்து பிறந்த கடமை

'ஐ ஹேவ் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹேவ் டு கோ' என்றால் நான் போக வேண்டும். சொல் ஒன்றுதான், ஓரிடத்தில் உடைமையைச் சொல்கிறது, இன்னோரிடத்தில் கட்டாயத்தை. பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லித் தருவதால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றே நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். தொடர்பு மிக நெருக்கமானது. அது பிடிபட்டுவிட்டால் இந்தச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதும் தெளிவாகிவிடும்.

ஹேவ் பழைய ஆங்கிலத்தில் 'ஹப்பன்'. இதன் ஆதி வேர் 'கப்', அதாவது பற்றுதல், பிடித்தல் என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பிடித்தலைக் குறிக்கும் லத்தீன் 'கபெரெ'யும், அதன் வழிவந்த 'கேப்சர்', 'கேப்டிவ்' முதலிய சொற்களும் இதே வேர்தான். ஆனால் உருவிலும் பொருளிலும் ஹேவ் போலவே இருக்கும் லத்தீன் 'ஹபெரெ' இதற்கு உறவே இல்லை. அது வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருக்கிறதே என்று சொற்களுக்கு உறவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆக, கையால் பற்றியது கையில் இருப்பதாகி, கையில் இருப்பது உடைமையாயிற்று.

அது கட்டாயமாக மாறிய விதம் இப்படி: 'ஐ ஹேவ் எ லெட்டர் டு ரைட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எழுதுவதற்கு ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. இங்கே ஹேவ் முழு உடைமை வினை. என்னிடம் இருப்பது கடிதம். ஆனால் எழுத வேண்டிய கடிதம் ஒருவரிடம் இருந்தால் அவர் அதை எழுதியாக வேண்டும் அல்லவா? கேட்பவர் மனத்தில் அந்த இரண்டாம் பொருள் மெல்ல மேலே வந்தது. காலப்போக்கில் சொல்வரிசை மாறி 'ஐ ஹேவ் டு ரைட் எ லெட்டர்' ஆயிற்று. அப்புறம் கடிதம் போல கையில் இருக்கும் ஒரு பொருளே தேவைப்படவில்லை. 'ஐ ஹேவ் டு கோ' என்பதில் கையில் வைத்திருக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, வெறும் கட்டாயம் மட்டும்தான். உச்சரிப்பும் பிரிந்துவிட்டது. கட்டாயப் பொருளில் வரும்போது ஆங்கிலேயர் 'ஹாஃப் டு' என்று வகரத்தை அழுத்தி ஃபகரமாக்கிவிடுவார்கள். உடைமைப் பொருளில் அப்படிச் செய்வதில்லை.

'ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர்' என்ற முற்றுக் காலமும் இதே வழியில் வந்ததுதான். எழுதப்பட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது என்பது, கடிதம் எழுதியிருக்கிறேன் என்று ஆயிற்று. 'ஹேவ் காட்'டும் தொடக்கத்தில் 'பெற்றிருக்கிறேன்' என்ற முற்றுக் காலமே. பெற்றது இப்போது கையில் இருக்கும் என்பதால் உடைமைப் பொருளுக்கு நகர்ந்தது. அமெரிக்கர்கள் பெற்றதைச் சொல்ல 'ஹேவ் காட்டன்' என்றும், உடைமையைச் சொல்ல 'ஹேவ் காட்' என்றும் இன்றும் பிரித்துப் பேசுகிறார்கள். 'ஹேவ் காட் டு' தேய்ந்து 'காட்டா' ஆனது பிறகு நடந்தது.

இதைவிட ஆழமான கதை, செய்வதே முறை என்று சொல்லும் 'ஆட் டு'வினுடையது. பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்றொரு வினை உண்டு. உடைமையாக வைத்திருத்தல் என்று பொருள். அதன் குடும்பத்தில் இன்று மூன்று சொற்கள் இருக்கின்றன. சொந்தமாக வைத்திருப்பதைச் சொல்லும் 'ஓன்' ஒன்று. கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' இரண்டாவது. அந்த 'ஓ'வின் பழைய இறந்தகால வடிவமே 'ஆட்'. உடைமை, கடன், கடமை மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்திருப்பவன் கடனாளி என்ற நினைப்பு இவற்றை இணைக்கிறது. ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட்டில்கூட 'ஓ' என்ற வினை கடனைக் குறிக்கவில்லை, உடைமையைத்தான் குறிக்கிறது.

லத்தீனும் தனியாக இதே வழியில் நடந்திருக்கிறது. கடன்படுதலைக் குறிக்கும் 'டெபெரெ' என்பதைப் பிரித்தால் 'டெ' + 'ஹபெரெ': ஒருவரிடமிருந்து பெற்று வைத்திருத்தல். 'டெபிட்', 'டெட்', 'ட்யூ', 'ட்யூட்டி' எல்லாம் இதன் வழிவந்தவை. 'ஷால்' என்பதற்கும் பழைய பொருள் கடன்படுதலே. ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. 'மஸ்ட்' மட்டும் வேறு வழி. அனுமதியைச் சொன்ன 'மோட்' என்ற வினையின் இறந்தகால வடிவம் அது. இறந்தகால வடிவமே நிகழ்காலமாகிவிட்டதால் அதற்கென்று இறந்தகாலம் இல்லை. அந்த இடத்தை நிரப்ப 'ஹேட் டு' வருகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடமும் கடன் என்ற ஒரே சொல் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்கிறார். 'என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்ற அப்பர் வாக்கை அறியாதவர் குறைவு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது வரியின் பெயர். ஆங்கில 'ட்யூட்டி'யும் கடமை, வரி இரண்டையும் குறிக்கிறது. ஒன்றையொன்று பார்த்துச் செய்ததல்ல இது. கொடுக்க வேண்டியது, செய்ய வேண்டியது என்ற இரண்டையும் இரு மொழிகளும் தாமாகவே ஒன்றாகப் பார்த்திருக்கின்றன.

பொன்முடியார் வரியில் 'தந்தைக்கு' என்ற நான்காம் வேற்றுமையைக் கவனியுங்கள். எனக்கு வீடு இருக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது, எனக்குக் கடன் இருக்கிறது. உடைமை, கடமை இரண்டையும் தமிழ் இந்தக் 'கு' உருபையும் 'இரு' என்ற வினையையும் கொண்டே சொல்லிவிடுகிறது. இதுதான் இந்தச் சொற்களைத் தமிழாக்கும் திறவுகோல் என்பது என் துணிபு. ஆங்கிலத்தில் ஹேவ் செய்யும் மூன்று வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். கார் இருக்கிறது. எழுதியிருக்கிறேன். போக வேண்டியிருக்கிறது. மூன்றிலும் தமிழில் நிற்பது 'இரு'. பற்றுதலில் தொடங்கிய ஆங்கிலமும் இருத்தலில் தொடங்கிய தமிழும் இதே மூன்று இடங்களுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

பழந்தமிழில் ஹேவுக்கு நேரான ஒரு சொல் இல்லாமல் இல்லை. உடையேன், உடையை, உடையர் என்று இடத்துக்கேற்ப மாறும் குறிப்புவினை, அதாவது காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை, இருந்தது. 'உடையர் எனப்படுவது ஊக்கம்' என்கிறது 591ஆம் குறள். கல்வெட்டுகளில் அரசரும் இறைவரும் 'உடையார்'. இன்றைய பேச்சில் அது 'என்னுடைய' என்ற உருபாகவும், உடைமை என்ற பெயராகவும் சுருங்கிவிட்டது.

இப்போது அந்த இடத்தில் 'கொண்டுள்ளது' வந்து உட்கார்ந்துகொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். 'இந்த வீடு மூன்று அறைகளைக் கொண்டுள்ளது', 'அவர் இரண்டு மகள்களைக் கொண்டுள்ளார்' என்று செய்திகளிலும் விளம்பரங்களிலும் நாள்தோறும் பார்க்கிறோம். கொள் என்பதற்கும் பற்றுதல் என்ற பொருள் உண்டுதான். 'மூன்று பகுதிகளைக் கொண்ட நூல்' என்று பெயரெச்சமாக வரும்போது அது நல்ல தமிழே. ஆனால் மகள்களைக் 'கொண்டிருக்க' முடியாது. இந்த வீட்டில் மூன்று அறைகள் உண்டு. அவருக்கு இரண்டு மகள்கள். இவ்வளவு போதும், இரண்டாவதில் வினைச்சொல்கூடத் தேவையில்லை.

ஹேவ் மூடி மறைக்கும் வேறுபாடுகளையும் தமிழ் காட்டிவிடுகிறது. உறவும் நிலையான உடைமையும் 'எனக்கு': எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், எனக்கு ஊரில் நிலம் இருக்கிறது. இப்போது கைவசம் இருப்பது 'என்னிடம்': சாவி என்னிடம் இருக்கிறது. நானே பேணிக் காப்பது 'வைத்திருக்கிறேன்': மாடு வைத்திருக்கிறேன், கடை வைத்திருக்கிறேன். நோய்க்கு எனக்குக் காய்ச்சல் என்றாலே முடிந்தது. மொழிபெயர்க்கிறவர் இவற்றில் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டாயத்தைச் சொல்லும் தொடர்களிலும் அப்படித்தான். வேண்டு என்றால் விரும்பு. அதிலிருந்து வந்த 'வேண்டும்' நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் மாறாமல் நிற்கும். 'நான் மதுரைக்குப் போக வேண்டும்' என்பதில் என் விருப்பமும் இருக்கலாம், கடமையும் இருக்கலாம். 'போக வேண்டியிருக்கிறது' என்றால் சூழ்நிலை என்னைப் போக வைக்கிறது. பேசுபவரே விதிப்பது மஸ்ட், வெளியிலிருந்து வருவது ஹேவ் டு என்று பிரிட்டிஷ் இலக்கண நூல்கள் காட்டும் வேறுபாடு ஏறக்குறைய இதுவே. ஆகவே மஸ்டுக்கு 'வேண்டும்', அழுத்தம் கூடினால் 'போயாக வேண்டும்'. ஹேவ் டுவுக்கு 'வேண்டியிருக்கிறது'. ஹேட் டுவுக்கு 'வேண்டியிருந்தது' அல்லது 'வேண்டி வந்தது'.

ஆட் டுவுக்கு வெறும் 'வேண்டும்' போதாது, அதில் முறைமையின் குரல் இருக்கிறது. 'செய்வதுதான் முறை', 'செய்யத் தக்கது' என்பவை பொருந்தும். குறள் தரும் 'செயற்பாலது' இன்னும் நெருக்கம்: பால் என்றால் பங்கு, ஒருவர் பங்கில் விழுந்த செயல். சட்டம், அறம் பற்றிய கட்டுரைகளில் இதைத் தயங்காமல் எழுதலாம்.

மிகவும் கவனம் தேவைப்படுவது எதிர்மறையில். 'மஸ்ட் நாட்' என்பது தடை: செய்யக் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்பது கட்டாயமின்மை: செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் தவறில்லை. 'வேண்டாம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அன்போடு விலக்கவும் வரும், தேவையில்லை என்று சொல்லவும் வரும். பேச்சில் குரலே பொருளைக் காட்டிவிடும். ஓர் அறிவிப்பில் 'முன்பணம் செலுத்த வேண்டாம்' என்று எழுதினால், செலுத்துவது தடையா, விருப்பமா என்று படிப்பவருக்குத் தெரியாது. கட்டாயமில்லை என்றால் 'செலுத்த வேண்டியதில்லை', தடை என்றால் 'செலுத்தக் கூடாது' என்றே எழுதுங்கள்.