ஜிபிஐஓ: பொருள் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் 40 கம்பிகளில் 28க்கு ஜிபிஐஓ என்று பெயர். விரித்துச் சொன்னால் ஜெனரல் பர்பஸ் இன்புட் அவுட்புட். மீதி 12இல் இரண்டு 5 வோல்ட் தரும், இரண்டு 3.3 வோல்ட் தரும், எட்டு கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட். 2012இல் வந்த முதல் போர்டில் மொத்தமே 26 கம்பிதான், 2014இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து 40 ஆனது. ஆனால் பெயர் ராஸ்பெரி பைக்கு மட்டும் சொந்தமில்லை. கருவிகளை ஆட்டுவிக்கும் சிறு சில்லுகளான மைக்ரோகன்ட்ரோலர்களின் உலகில் எல்லாருக்கும் பொதுவாகப் புழங்கும் பெயர் அது.

இதில் எல்லாரும் கவனிக்காமல் தாண்டிப் போவது ‘ஜெனரல் பர்பஸ்’ என்ற முதல் பாதியைத்தான். ஒரு சில்லில் பெரும்பாலான கால்களுக்குத் தயாரிக்கும்போதே வேலை எழுதிவைத்துவிடுவார்கள். மின்சாரம் வாங்குவது ஒன்று, நினைவகத்தோடு பேசுவது இன்னொன்று. அப்படித் தலையெழுத்து எதுவும் எழுதாமல் விட்ட கால்கள்தான் இவை. வாங்குவதா கொடுப்பதா என்பதை நாம் எழுதும் நிரல் தீர்மானிக்கும். டெல்டாவில் பல வாய்க்கால்கள் பாசனத்துக்கும் அதுவே, வடிகாலுக்கும் அதுவே என்று இருக்கின்றன அல்லவா, அந்த மாதிரிதான். ‘பொதுநோக்கு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை, ஏதோ பொதுநல அமைப்பின் பெயர் போல இருக்கிறது. ‘பொதுப்பயன்’ பரவாயில்லை.

உள்ளீடு, வெளியீடு இரண்டும் நன்றாக வேர்பிடித்த சொற்கள். படு என்பது பாடு ஆவதுபோல இடு என்பது ஈடு ஆகிறது, உள்ளே இடுவது உள்ளீடு. வெளியீடு என்றால் புத்தக வெளியீடும் ஞாபகம் வரும்தான், ஆனால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், பெரிய தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டும் போர்டின் பக்கத்திலிருந்து சொல்வது. சென்சாருக்கு வெளியீடாக இருப்பது போர்டுக்கு உள்ளீடு.

சிக்கல், இந்தக் கம்பிகளை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘பின்’ (pin) என்ற சொல்லில்தான். தமிழில் எழுதினால் அது ‘பிறகு’ என்றும் படிக்கப்படும், ‘17க்குப் பின்’ என்று வந்தால் எதை எடுத்துக்கொள்வது? ஊசி என்றால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது. ஊக்கு என்றால் சேலைக்குக் குத்துவது. முள் நல்ல சொல், கடிகார முள், தராசு முள் என்று கருவிகளுக்கு ஏற்கெனவே பழகியது, பார்த்தாலும் முள்ளாகத்தான் நிற்கிறது. ஆகவே முழுசாக எழுத ‘பொதுப்பயன் உள்ளீட்டு வெளியீட்டு முள்’, பேச்சில் ‘பொதுமுள்’. எண் குறிக்கும் இடத்தில் மட்டும் ஜிபிஐஓ 17 என்றே விடுங்கள், ஏனென்றால் அது வரிசையில் 17ஆவது முள் இல்லை, 11ஆவது. வரிசையில் 17ஆவது முள் 3.3 வோல்ட் தருவது. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு ஒயர் மாட்டினால் வினைதான்.

சரி, இந்த முட்களை ஆட்டுவிக்கப் பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டாம். எம்ஐடி மீடியா லேபிலிருந்து 2007இல் வந்த ஸ்கிராட்ச் இருக்கிறது, கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோப்பது. ராஸ்பெரி பையில் ஓடும் ஸ்கிராட்ச் 3இல் ஜிபிஐஓ நீட்சியைச் சேர்த்தால், ஒரு பொதுமுள்ளை உள்ளீடாக்க, வெளியீடாக்கி உயர்நிலைக்கோ தாழ்நிலைக்கோ கொண்டுபோக, அதன் நிலை மாறும்போது வேலையைத் தொடங்க என்று கட்டைகள் கிடைக்கும். உயர்நிலை என்றால் 3.3 வோல்ட், தாழ்நிலை என்றால் பூஜ்யம். இந்த வகைக்கே ‘காட்சிவழி நிரலாக்கம்’ என்று பெயர். நிரல் என்றால் வரிசை, அணியிலக்கணத்தில் வரும் நிரல்நிறையில் இருப்பதும் அதே நிரல்தான், கட்டைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் சொல் இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாம். துளை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது முறை. அந்த ஆழத்தில் ஒரு மிதவை சுவிட்சைத் தொங்கவிட்டு, அதன் ஒரு முனையை ஜிபிஐஓ 17லும் மறுமுனையை கிரவுண்டிலும் மாட்டி, 17ஐ மேலிழுப்பு (புல்-அப்) உள்ளீடாக, அதாவது சுவிட்ச் திறந்திருக்கும்வரை உயர்நிலையிலேயே நிற்கும்படி வைத்தால், நீர் இறங்கி சுவிட்ச் மூடியதும் அது தாழ்நிலைக்கு வரும். உடனே ஜிபிஐஓ 27 வெளியீடாக ரிலேயைத் தட்டும், அதாவது மோட்டாரைத் தொடங்கி வைக்கும் மின்சுவிட்சை, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். மேலிழுப்பு இல்லாமல் விட்டால் முள் அந்தரத்தில் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். ரிலேயை முள்ளில் நேரடியாக மாட்டக் கூடாது, ஒரு முள்ளிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது ஆபத்து, 3.3 வோல்ட் சிக்னலை ஏற்கும் ரிலே மாட்யூலாகப் பார்த்து வாங்க வேண்டும். முள்ளில் 5 வோல்ட் ஏறினால் போர்டே போய்விடும். அதற்கப்புறம் மூன்று பேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பக்கம் போவது எலக்ட்ரீஷியன் வேலை. மண்ணில் குத்தும் ஈரப்பத சென்சாரும் இருக்கிறது, ஆனால் அது தருவது ஏற்ற இறக்கமான அனலாக் அளவு, பொதுமுள்ளுக்கோ உண்டு, இல்லை இரண்டுதான் தெரியும், நடுவில் ஒரு மாற்றிச் சில்லு வைக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான பொதுமுட்கள் உள்ளீடாகவே விழித்தெழும், முன்பு கொடுத்த வேலை எதுவும் நினைவிருக்காது. ஸ்கிராட்ச் என்றால் யாராவது மறுபடி திறந்து நிரலைத் தொடங்கும் பச்சைக்கொடியை அழுத்த வேண்டும். 2013இல் ஐபிஎம்மிலிருந்து வந்த நோட்-ரெட், பெட்டிகளைக் கோடுகளால் இணைக்கும் கருவி, போர்டு எழும்போதே தானாக ஓடும்படி வைக்கலாம். வகுப்பறைக்கு ஸ்கிராட்ச், வயலுக்கு நோட்-ரெட் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.