நவம்பரில் ட்ரெட்மில்லுக்கு மாறுகிறவர்களின் குதிக்கால்

நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவோம். ரொறன்ரோவில் வேலை முடிந்து வந்து ஓடுகிறவர்களுக்கு அன்றோடு பொழுது போய்விடும். டிசம்பர் முதல் பாதியில் 4.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. காலையில் ஏழே முக்காலுக்குத்தான் வருகிறது. பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி போலக் கிடக்கும். அதில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வருகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். இருட்டில் தனியாக ஓடப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் பெண்களும் நிறைய. அதனால் ட்ரெட்மில்லுக்கு மாறுவது நல்ல முடிவுதான். அதை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆனால் மாறி மூன்று நான்கு கிழமையில், நவம்பர் கடைசியில், குதிக்கால் நோவென்றும் கெண்டைக்கால் இறுக்கம் என்றும் வருகிறவர்கள் கூடுகிறார்கள். ஸ்காபரோவில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் இதை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வருடம்தான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது நாற்பத்தாறு. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கியவர். மூன்று வருடத்தில் நல்ல ஓட்டக்காரராகிவிட்டார். மார்ச்சில் ஹமில்டனில் நடக்கும் அரவுண்ட் த பே 30 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்திருந்தார்.

"அக்கா, ஓடேக்க ஒண்டும் தெரியேல்லை. விடிய எழும்பி முதல் நாலு அடி வைக்கேக்கதான் உயிர் போகுது."

"ஓட்டத்தில என்ன மாத்தினீங்கள்?"

"ஒண்டும் மாத்தேல்லை. அதே அஞ்சு நாள், அதே எட்டுக் கிலோமீற்றர். வெளியில ஓடினதை உள்ளுக்க ஓடுறன், அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குதிக்கு மேலே மூன்று நான்கு விரல் உயரத்தில் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தினேன். காலை இழுத்துக்கொண்டார். நம் ஆட்கள் அதை நரம்பு என்பார்கள். உண்மையில் அது கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண், அக்கிலிஸ். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போலப் பல மடங்கு இழுவையை அது தாங்குகிறது. மெல்ல மெல்லக் கூட்டினால் எவ்வளவும் தாங்கும். ஒரே கிழமையில் வேறு விதமாக இழுத்தால் கோபித்துக்கொள்ளும்.

வீட்டில் ஓடும்போது மனைவியைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஸ்காபரோவின் பழைய வீடுகளில் பேஸ்மென்ற் கூரை பதிவாக இருக்கும். அவருடைய வீட்டில் ஆறடி ஒன்பது அங்குலம். அவர் ஐந்தடி பத்து அங்குலம். ட்ரெட்மில்லின் மேடை எட்டு அங்குலம். தலைக்கு மேலே மிச்சம் மூன்று அங்குலம். ஓடும்போது உடம்பு மூன்று நான்கு அங்குலம் எம்பும். தலை இடித்துவிடும் என்ற பயத்தில், தன்னை அறியாமலே முழங்காலை மடக்கி, முன்னுக்குக் குனிந்து, குட்டிக் குட்டி அடியாக முன்பாதத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு நாற்பது கிலோமீற்றர் அப்படி. முழங்கால் மடங்கியபடி முன்பாதத்தில் இறங்கினால் கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் பாரம் கூடும்.

இதற்குப் பிறகு எல்லோரிடமும் கூரை உயரத்தைக் கேட்கிறேன். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். உங்கள் உயரம், மேடையின் உயரம், அதோடு குறைந்தது ஆறு அங்குலம். ஏற்றம் வைத்து ஓடுகிறவர் என்றால் முன்பக்கம் இன்னும் உயரும், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய கூரை கொஞ்சம் அதிகப்படியான விஷயம்தான். ஆனால் பதினைந்தடி உயரக் கூரையுள்ள ஜிம்மில் ஓடினாலும் ட்ரெட்மில் ஓட்டம் தெரு ஓட்டத்தைப் போன்றதல்ல. பட்டையில் பாதம் பொதுவாகக் கொஞ்சம் தட்டையாக இறங்குகிறது. பலருக்கு அடியின் நீளம் குறைந்து, நிமிடத்துக்கு வைக்கும் அடிகள் கூடுகின்றன. அக்கிலிஸுக்கு வரும் பாரம் தெருவில் ஓடுவதை விட ட்ரெட்மில்லில் கூடுதல் என்று அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. முழங்கால் சில்லுக்கு வரும் பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் முழங்கால் நோவுக்காரர் உள்ளே ஓடும்போது நிம்மதியாக இருப்பார், அக்கிலிஸ் நோவுக்காரர் அவதிப்படுவார். இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

அதை விடப் பெரிய விஷயம், ட்ரெட்மில்லில் எல்லா அடியும் ஒரே அடிதான். தெருவில் ஓடும்போது நடைபாதை விளிம்பு, வளைவு, சின்ன ஏற்றம், சிவப்பு விளக்கில் ஒரு நிற்பு என்று பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பட்டையில் அது கிடையாது. எட்டுக் கிலோமீற்றரில் எட்டாயிரம் ஒன்பதாயிரம் அடி, அதே இடத்தில், அதே கோணத்தில். பார்க்கச் சுகமாக இருக்கிறது. தசைநாணுக்குத்தான் ஓய்வே இல்லை.

அப்புறம் அந்த ஒரு சதவீத ஏற்றம். 'ட்ரெட்மில்லில் காற்று எதிர்ப்பு இல்லை, அதனால் கட்டாயம் ஒரு சதவீதம் ஏற்றம் வைக்க வேண்டும்' என்று ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இது 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் செய்த ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் பரிசோதித்தது நன்கு பயின்ற ஓட்டக்காரர்களை. மணிக்குப் பத்தரைக் கிலோமீற்றரிலிருந்து பதினெட்டு வரை வேகம். காற்று எதிர்ப்பு வேகத்தோடு கூடுகிற சமாச்சாரம். மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றரில் ஓடுகிற நமக்கு அந்த வித்தியாசம் மிகச் சின்னது. நான் சொன்னவர் ஒன்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவர். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று இரண்டு சதவீதம் வைத்திருந்தார். ஏற்றம் வைத்தால் கணுக்கால் இன்னும் மடங்கும், அக்கிலிஸ் இன்னும் இழுபடும். குதிக்கால் நோ உள்ளவர்கள் ஏற்றத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். நோ இல்லாதவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தையோ ஏற்றத்தையோ கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே நிலையில் நாற்பது நிமிடம் வேண்டாம்.

திரையில் தெரிகிற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டு இயந்திரங்கள் பழசாகப் பழசாகச் சொல்கிற வேகம் ஒன்று, ஓடுகிற வேகம் ஒன்றாகிவிடும். பட்டையின் முழு நீளத்தை நாடாவால் அளந்து, ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் மேலே ஓடும்போது யாராவது வீடியோ எடுத்து, கோடு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணட்டும். மூன்று மீற்றர் பட்டை ஐம்பது தடவை சுற்றினால் 150 மீற்றர், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீற்றர். ஆள் ஏறினதும் பட்டை மெதுவாகும் இயந்திரங்கள் உண்டு. அதனால் வெறும் பட்டையை அளப்பதில் பயனில்லை. அளக்க நேரமில்லையென்றால் மூச்சை வைத்துப் போங்கள். முழு வசனம் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா? சரி, அதுதான் உங்கள் இலகு வேகம்.

அதே வேகத்தில் நாடித்துடிப்பு வெளியில் இருந்ததை விட உள்ளே கூடுதலாகக் காட்டினால் பயப்படத் தேவையில்லை. நின்ற இடத்தில் ஓடுகிறீர்கள், உடம்பில் காற்றுப் படவில்லை. வியர்வை ஆவியாகாமல் ஒழுகிப் போகிறது. உடம்பு சூடாகச் சூடாக இதயம் தோலுக்கும் சேர்த்து இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. முன்னால் ஒரு நல்ல மின்விசிறி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். இந்தச் சூட்டைத் துணையாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அலாஸ்காவின் அங்கரேஜில் நோயியல் வைத்தியராக இருந்த கிறிஸ்டின் கிளார்க், இரண்டு பிள்ளைகளின் தாய், அந்த ஊரின் குளிர்காலத்தில் பெரும்பாலும் வீட்டு ட்ரெட்மில்லில் ஓடியே பயிற்சி எடுத்தார். 2000 பெப்ரவரியில் தென் கரோலினாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மரதனில், மற்றவர்கள் வெயிலில் வாடியபோது, 2 மணி 33 நிமிடம் 31 வினாடியில் முதலாவதாக வந்தார். ட்ரெட்மில் ஓட்டம் உண்மையான ஓட்டமில்லை என்று யாராவது சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

எப்படி மாறுவது? கடிகாரம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். ஒக்டோபர் நடுவில், வெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, கிழமையில் ஒரு ஓட்டத்தை உள்ளுக்கு எடுங்கள், இருபது நிமிடம் போதும். அடுத்த கிழமையும் அதே. பிறகு இரண்டு நாள். முழுக்க உள்ளே வந்த முதல் இரண்டு கிழமை வழக்கமான தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து ஓட வேண்டாம். பிடிக்காமல் ஓட முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான் அதன் பொருள். பட்டையின் முன் நுனியில் ஒட்டிக்கொண்டு ஓடாமல் நடுவில் ஓடுங்கள். தொலைக்காட்சியைப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஜனவரியில் கழுத்து நோவோடு வருகிறார்கள். முடிக்கும்போது ஐந்து நிமிடம் நடந்து, பட்டை முழுக்க நின்ற பிறகு இறங்குங்கள். இறங்கியதும் தரை நகர்வது போல இருக்கும். இளம் ஆட்களுக்கு அது ஒரு நொடி வேடிக்கை, எழுபது வயது அம்மாவுக்கு அது ஒரு விழுகை.

ஞாயிற்றுக்கிழமை பகலில், தெரு காய்ந்திருந்தால், ஒரு ஓட்டத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்துக்கு மேலே மாட்டும் பனி முள்ளுப் பட்டி இருந்தால் நல்லது. ஓட முடியாவிட்டால் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் நடக்கலாம். ட்ரெட்மில் ஓட்டத்தைத் தரும், வெளிச்சத்தைத் தராது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் வீட்டு விளக்கு சில நூறுதான். மேகம் மூடிய மதியத்தில்கூட வெளியே அது ஆயிரக் கணக்கில் இருக்கும். குளிர்காலச் சோர்வுக்குக் கொடுக்கும் சிகிச்சை விளக்கே 10,000 லக்ஸ். 'ஒழுங்காகத்தான் ஓடுகிறேன், ஆனாலும் மனம் பாரமாக இருக்கிறது' என்று டிசம்பரில் சொல்லுகிறவர்களிடம், கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது என்று கேட்பேன். பலருக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. நம் வீடுகளில் ட்ரெட்மில் இருக்கும் பேஸ்மென்ற்தான் பிள்ளைகள் விளையாடும் இடமும். ஓடுகிற பட்டையின் பின்நுனியில் ஒரு குழந்தை கையை வைத்தால், உராய்வுச் சூட்டில் தோல் ஆழமாக எரிந்துவிடும். விரல்களுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை வரைக்கும் போகும் காயம் அது. 2021இல் ஒரு குழந்தை இறந்து, இன்னும் பலர் காயப்பட்ட பிறகு, ஒரு பெரிய நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,25,000 ட்ரெட்மில்களைத் திருப்பி எடுத்தது. சட்டையில் கொளுவும் சிவப்புச் சாவி அலங்காரத்துக்கு இல்லை. ஓடும்போது கொளுவுங்கள். முடிந்ததும் கழற்றி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இயந்திரத்தின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, ஆறடி வெளி வேண்டும். விழுந்தவர் சுவருக்கும் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பட்டை அவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தெற்காசியர்களான நமக்கு இதய நோய் மற்றவர்களை விட இளம் வயதிலேயே வருகிறது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது அழுத்தம் உள்ளவர்கள், குளிர்காலத்தில் புதிதாக ஓடத் தொடங்குவதென்றால் முதலில் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் நோவோ வந்தால் உடனே நிறுத்தி 911ஐ அழையுங்கள். குதிக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல 'டப்' என்று கேட்டு, அதன் பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லையென்றால் அது தசைநாண் அறுந்த அறிகுறி. அதற்கு எண்ணெய் பூசிக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எங்கள் ஓட்டக்காரர் அந்த மார்ச் ஹமில்டனுக்குப் போகவில்லை. 1894இல் தொடங்கிய ஓட்டம் அது, பொஸ்டன் மரதனுக்கே மூன்று வயது மூத்தது. ஒரு வருடம் காத்திருக்கும் என்று சொன்னேன். பன்னிரண்டு கிழமை, படிக்கட்டு விளிம்பில் நின்று குதியை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சி செய்தார். ட்ரெட்மில்லைக் கூரை உயரமான கராஜ் பக்கத்து அறைக்கு மாற்றினார். அடுத்த மார்ச்சில் 30 கிலோமீற்றரையும் ஓடி முடித்தார். குதிக்கால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தொடை இரண்டும் நாலு நாள் படி இறங்க விடவில்லை. குளிர்காலம் முழுக்க ஓடிய பட்டையில் இறக்கமே இருக்கவில்லை. அந்த ஓட்டத்தில் இறக்கம் உண்டு. உள்ளே போகும்போது மெல்லப் போக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். வெளியே வரும்போதும் அப்படித்தான் என்பதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் பிழை. இப்போது பெப்ரவரியிலேயே கிழமைக்கு ஒரு நாள் வெளியே, அதில் ஒரு சின்ன இறக்கம் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

சென்ற ஒக்டோபரில் அவரிடமிருந்து ஒரு அழைப்பு.

"அக்கா, மணிக்கூடு மாத்த இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. ஒரு நாளை உள்ளுக்க எடுக்கட்டோ?"

"எடுங்கோ. முதல் நாள் இருபது நிமிசம். ஏத்தம் வேண்டாம்."