‘பேரிங்’: இணைத்தலா, சேர்த்தலா?

கம்பியில்லாச் சாதனம் ஒன்றை வீட்டுத் தானியங்கு அமைப்புக்குள் கொண்டுவர முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘பேரிங்’ (pairing). அதைத் தமிழில் ‘இணைத்தல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அகராதிப்படி அது பிழையன்று. ஆனால், வெளியிலுள்ள எந்தச் சேவையகத்தையும் நம்பாமல் வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற அமைப்பில், ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இயங்கும் சாதனங்களைச் சேர்க்கும்போது, அந்தச் சொல் நடப்பதைத் தவறாகக் காட்டுகிறது என்பதே என் கருத்து.

‘சமம்’ என்று பொருள்படும் ‘பார்’ என்னும் லத்தீன் சொல்லின் பன்மை வடிவமான ‘பாரியா’, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஜோடியைக் குறிக்கும் ‘பேர்’ ஆயிற்று. தமிழின் ‘இணை’யும் இதே இரு பொருள்களையும் தாங்கி நிற்பது வியப்புக்குரியது. இணையடி என்றால் இரண்டு திருவடிகள். ஈடிணை இல்லை என்றால் ஒப்பானது எதுவும் இல்லை. இவ்வளவு நெருங்கிய நிகர்ச்சொல் கலைச்சொல்லாக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, குறை மொழிபெயர்ப்பில் இல்லை. ஆங்கிலச் சொல்லை எடுத்து ஆண்ட இடத்தில்தான் இருக்கிறது.

புளூடூத்தில் அந்தச் சொல் முழுமையாகப் பொருந்தும். கைப்பேசியும் ஹெட்செட்டும் தமக்குள் ஒரு மறைச்சாவியை உருவாக்கி, இரண்டுமே அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இரு தரப்பு, ஓர் உடன்பாடு. அதனை ‘இணைசேர்த்தல்’ எனலாம்.

ஜிக்பீயின் கதை வேறு. பூ இருக்கும் திசையைக் கூட்டுக்கு அறிவிக்கத் தேனீ ஆடும் ஆட்டத்திலிருந்து பிறந்த பெயர் அது. அந்தப் பெயரிலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் ஒருங்கிணைப்பி வலையைத் தொடங்கிவைக்கிறது. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் விளக்குகளும் பிளக்குகளும் செய்திகளைக் கைமாற்றிவிடும் ரவுட்டர்களாகின்றன. பேட்டரியில் ஓடும் சென்சார்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருந்து, தேவையானபோது மட்டும் விழித்துப் பேசுகின்றன.

புதிய சென்சாரின் சிறு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கிறோம், விளக்கு மினுக்குகிறது. அமைப்பில் அதற்கு முன்பே ‘சேர அனுமதி’யைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த வாசல் ஒருமுறை திறந்தால் அதிகபட்சம் 254 நொடிகள் வரை திறந்திருக்கும். சென்சார் தனக்கு நன்றாகக் கேட்கும் ஒரு ரவுட்டரையோ ஒருங்கிணைப்பியையோ, தன் செய்திகளை வலைக்குக் கைமாற்றும் தாயாகத் தேர்ந்துகொள்கிறது. அந்த வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் 16 பிட் முகவரியும், வலையிலுள்ள அனைவருக்கும் பொதுவான 128 பிட் மறைச்சாவியும் அதற்குக் கிடைக்கின்றன. பிறகு, உன்னைச் செய்தவர் யார், உன் மாதிரி எது, உன்னால் என்னென்ன அளக்க முடியும் என்று ஒருங்கிணைப்பி வினவுகிறது. இந்த வினாவிடைக்கு மென்பொருள்களில் ‘இன்டர்வியூ’ என்றே பெயர். ‘நேர்காணல்’ என்று தமிழில் எழுதினால் ஒரு குறையும் இல்லை.

இதில் ஜோடி எங்கே இருக்கிறது? ஊரில் குடியேறும் ஒருவருக்குக் கதவிலக்கமும் ஊர்ச் சாவியும் கொடுப்பதைப் போன்றது இது. எனவே ‘வலையில் சேர்த்தல்’ என்பதே சரியான தமிழ். ஜிக்பீயின் நெறிமுறை ஆவணங்களும் ‘ஜாயினிங்’ என்றுதான் சொல்கின்றன. ‘பேரிங்’ பயனர்களிடையே பரவிய வழக்கு. இதே போன்ற வீட்டுச் சாதனங்களுக்கான இசட்-வேவ் தொழில்நுட்பம் ‘இன்க்ளூஷன்’ (உட்சேர்த்தல்) என்றும், 2022-இல் வெளிவந்த மேட்டர் என்னும் பொதுத் தரம் ‘கமிஷனிங்’ (பணியில் அமர்த்தல்) என்றும் கூறுவதைப் பார்த்தால், துறைக்குள்ளேயே அந்தச் சொல் பொருந்தாமை உணரப்பட்டிருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது.

சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன். சென்சாரும் ஒருங்கிணைப்பியும் ஒரு ஜோடி என்றே எண்ணியதால், கதவு சென்சார் ஒன்றை ஒருங்கிணைப்பிக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு, வீட்டின் மறுகோடியிலிருந்த அறைக் கதவில் ஒட்டினேன். மறுநாள் அது மௌனமாகிவிட்டது. தான் முதலில் பற்றிய தாயையே அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதே அறையில், அங்குள்ள பிளக்கின் வழியாக மீண்டும் சேர்த்தபின் தொடர்பு அறவில்லை. ‘சேர்த்தல்’ என்ற சொல் முன்பே மனத்தில் இருந்திருந்தால், எங்கே நின்று, யார் வழியாகச் சேர்ப்பது என்ற கேள்வியும் அதனுடன் எழுந்திருக்கும்.

ஜிக்பீக்குள் ‘இணை’ என்ற கருத்துக்கு உண்மையாகவே உரிய இடம் ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் ‘பைண்டிங்’. வலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒரு சுவிட்சையும் ஒரு விளக்கையும் நேரடியாக உறவுபடுத்துவது அது. இதற்குப் ‘பிணைத்தல்’ என்பது ஒலியாலும் பொருளாலும் மிக நன்றாக அமைகிறது. அதையும் ‘இணைத்தல்’ என்றே எழுதினால் இரண்டு வேறு செயல்கள் ஒரே பெயரில் குழம்பிவிடும். இவ்வாறு பிணைத்த சுவிட்சும் விளக்கும் ஒன்றையொன்று எட்டும் தொலைவில் இருந்தால், ஒருங்கிணைப்பியைக் கணினியிலிருந்து பிடுங்கிய பிறகும் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரியும்.