நிலாவெளிக்குப் போய்த் திரும்ப எத்தனை யூனிற்?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டோ விடும் அண்ணன் ஒருவர், பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பற்றரியும் பொருத்தியிருக்கிறார். 2022 இல் எரிபொருள் வரிசையில் கிடந்த அலுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. இப்போது புதுக் கவலை: "தம்பி, ஐதரசன் எண்டா அஞ்சு நிமிஷத்தில அடிச்சிட்டுப் போகலாமாமே. நான் அவசரப்பட்டிட்டனோ?"

இல்லை என்றேன்.

பின் சீற்றைத் தூக்கினால் செங்கல் செங்கலாக 16 கலங்கள். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை, ஒன்று 3.2 வோல்ற்று, தொடராக இணைத்தால் 51.2. சார்ஜ் ஏறும்போது இலிதியம் அயன்கள் இரும்புப் பொசுபேற்றை விட்டுக் கிளம்பி, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, எதிர்ப்பக்கத்துப் பென்சிற்கரியின் அடுக்குகளுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். வண்டி ஓடும்போது திரும்பி வரும். இலத்திரனுக்கு அந்த உள்வழி இல்லை. வெளியே வயரால் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் மோட்டார் மாட்டியிருக்கிறது.

ஐதரசன் வண்டியும் மின்சார வண்டியேதான். எரிபொருட் கலத்தில் ஐதரசன் பிளாற்றினத்தைத் தொட்டதும் புரோத்தனும் இலத்திரனுமாகப் பிரியும். மெல்லிய மென்சவ்வு ஒன்று புரோத்தனை மட்டும் விடும். இலத்திரனுக்கு மறுபடியும் சுற்றுவழி. கடைசியில் ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்துக் கரன்ற் எடுக்கலாம் என்பதை 1839 இலேயே வில்லியம் குரோவ் என்ற பிரித்தானிய விஞ்ஞானி செய்துகாட்டிவிட்டார்.

சரி, எங்கே இடிக்கிறது? ஐதரசன் கிணற்றில் ஊறுவதில்லை. வெயிலில் எடுத்த கரன்ற்றால் தண்ணீரைப் பிரித்து 1 கிலோ எடுக்க 50 யூனிற்றுக்கு மேல் செலவு. எடுத்த கிலோவில் இருப்பதோ ஏறத்தாழ 33 யூனிற். சாதாரண அமுக்கத்தில் அந்த ஒரு கிலோ ஒரு சிறிய அறையையே அடைக்கும். அதனால் காருக்கு 700 மடங்கு அமுக்கத்தில் திணிக்கிறார்கள்; அதற்கும் கரன்ற். பிறகு கலத்துக்குள் பாதி வெப்பமாகப் போய்விடும். 100 யூனிற்றில் சக்கரத்துக்கு வருவது 30ஐ ஒட்டித்தான். பற்றரி வழியில் 75 அளவில் வந்து சேரும்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், அண்ணன் நிலாவெளிக்குப் போய்த் திரும்பும் கரன்ற்றை ஐதரசனாக்கினால், உப்புவெளியைத் தாண்டி, நிலாவெளி வருமுன்னமே வண்டி நின்றுவிடும். அஞ்சு நிமிஷ நிரப்பல் உண்மைதான். ஆனால் இரவு அவர் தூங்கும்போது ஓட்டோவும் சும்மாதானே நிற்கிறது?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் கதை வேறு. நாட்கணக்காகக் கடலில் ஓட வேண்டியதைப் பற்றரியில் ஏற்றினால், சரக்கு ஏற்ற இடமும் இருக்காது, பாரமும் தாங்காது. அங்கே ஐதரசனுக்கு, அதிலும் அதை அமோனியாவாக மாற்றி எடுத்துப்போவதற்கு, நியாயம் இருக்கிறது. அமோனியா −33 பாகையிலேயே திரவமாகிவிடும். ஐதரசனைத் திரவமாக்க −253 வேண்டும்.

ஓட்டோவுக்கு வில்லன் வெயில்தான். பென்சிற்கரியின் மேல் படியும் மெல்லிய படலம் சூட்டில் வேகமாகத் தடித்து, இலிதியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அப்புறம் கடற்காற்று. அண்ணனின் கலங்களை இணைக்கும் செப்புப் பட்டைகளில் இரண்டின் ஓரம் பச்சை பிடித்திருந்தது. இணைப்பு அப்படிக் கெட்டால் அந்த இடமே சூடாகும்.

துடைத்து முறுக்கிவிட்டு, வண்டியை வேப்பமர நிழலுக்குத் தள்ளினோம்.