ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு

தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வடசென்னை மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகன் வேறு சாதிப் பெண்ணை மணந்ததற்காக ஊர்ப் பஞ்சாயத்தார் அபராதம் கேட்டார்கள். கட்ட மறுத்ததும் ஊர்விலக்கு. ஏலத்தில் அந்த அம்மாவுக்கு மீன் கிடையாது. அவர்களோடு பேசுகிறவருக்கும் அபராதம்.

"மீன் இல்லாமல்கூட இருந்துவிடுவோம் ஐயா. மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் கண்ணை மூடினால் தூக்க நான்கு பேர் வர வேண்டுமே" என்றார் அந்த அம்மா. ஊர்விலக்கின் கொடுமை முழுவதும் அந்தக் கவலைக்குள் இருக்கிறது.

குப்பத்துப் பஞ்சாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எந்த வலையை விடலாம், என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்வதும், திரும்பாத படகைத் தேட ஆள் அனுப்புவதும் அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் நிவாரணத்தைப் பங்கிட்டதும் அதுவே. சமாதானம் பேசட்டும், நல்லது. தண்டிக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.

ஒட்டோமான் பேரரசில் கிறிஸ்தவர், யூதர் ஆகியோரின் திருமண வழக்குகளை அவரவர் சமயத் தலைவர்களே விசாரித்தார்கள். அரசே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் எந்தச் சமூகத் தலைவருக்கும் அப்படிக் கொடுக்கப்படவில்லை. முஸ்லிம் திருமணங்களை நடத்திவைக்க அரசு நியமிக்கும் காஜிக்குக்கூட அந்த நியமனத்தால் நீதிபதி அதிகாரம் வந்துவிடாது என்று 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டமே சொல்கிறது. இஸ்லாமிய மார்க்க அறிஞர் தரும் கருத்தான ஃபத்வா, சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. வயது வந்த இருவரின் திருமணத்துக்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்பது 2018 தீர்ப்பு.

ஊர்விலக்கைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016இல் தனிச்சட்டமே இயற்றியது. அப்படி ஒன்று தமிழ்நாட்டிலும் வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். இப்போதைக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா கைகொடுக்கும்: மிரட்டலுக்குப் பிரிவு 351, மிரட்டிப் பணம் பறித்தலுக்குப் பிரிவு 308.

அபராதம் கேட்ட தேதி, கேட்டவர் பெயர், உடனிருந்தவர்கள் என அனைத்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீதையோ துண்டுச் சீட்டையோ தொலைத்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம்.

அந்தத் தம்பதியிடம் அபராதம் கேட்ட குரல்பதிவு கைப்பேசியில் இருந்தது. காவல் நிலையத்தில் அதைக் கேட்ட பிறகு பஞ்சாயத்தார் விலக்கை நீக்கிக்கொண்டார்கள். மறுநாள் விடியற்காலையில் அந்த அம்மா கூடையோடு ஏலத்துக்குப் போனார். அன்று ஒரே ஒரு படகுக்காரர்தான் அவருக்கு மீன் கொடுத்தார்.