மாலை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்தால் மருத்துவர்களான எங்களுக்குப் பயம்தான். முதல் தேதி கோயிலில் மாலை போட்டுக்கொண்டவர், மூன்றாம் நாள் இரவு ஆம்புலன்சில் வந்து இறங்குகிறார். பல வருடங்களாகத் தினமும் குடித்தவர், ஐயப்பன் மேல் ஆணையிட்டு ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். அந்த எண்ணத்தை மதிக்கிறோம். நிறுத்திய முறைதான் உயிருக்கே ஆபத்தாகிறது. நோன்பிலும் தவக்காலத்திலும் இதே கதைதான்.

"உண்மையான பக்தி இருந்தால் கை ஏன் நடுங்குகிறது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். குடிப்பதில்லை என்று முடிவெடுப்பது அவர் கையில் இருக்கிறது. நடுக்கம் அவர் கையில் இல்லை. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் இரவிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், உடம்பு கொதிக்கும், இதயம் படபடக்கும். விரதத்தில் இருப்பவர் இப்படிப் பேசினால் சாமி இறங்கிவிட்டது என்று திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து, விடியும்வரை காத்திருக்கிறார்கள். அது அருள் இல்லை, குடியை நிறுத்தியதால் வரும் ஜன்னி. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.

மருந்து சாப்பிட்டால் விரதம் கெடும் என்பது அடுத்த தவறு. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை மருத்துவர் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கூடவே வைட்டமின் பி1. தினமும் குடிப்பவர் உடம்பில் இது ஏற்கெனவே குறைவு. அதோடு ஒருவேளைச் சாப்பாடு என்று உபவாசமும் சேர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். முதல் பத்து நாளாவது மூன்று வேளையும் சாப்பிடட்டும்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு வாய் குடித்தால் அடங்குகிறதா? அப்படியானால் வீட்டில் தானாக நிறுத்தவே கூடாது. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) புவாங்கோக் மனநலக் கழகத்தின் போதைப்பழக்கப் பிரிவுக்கோ போங்கள். உதவி எண் 6732 6837. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "கொஞ்சம்தான் டாக்டர்" என்பதை வைத்து மருந்தளவு தீர்மானிக்க முடியாது. 700 மில்லி விஸ்கி போத்தல் ஒன்றில் சுமார் 220 கிராம் மதுசாரம் இருக்கிறது. அது எத்தனை நாளில் காலியாகிறது என்பதே எங்களுக்குத் தேவை. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையும் சொல்லுங்கள். வந்திருந்தால் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம்.

மனைவிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரவழைத்த பொடியையோ மாத்திரையையோ அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். அதில், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார். அவருடைய சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

விரதம் பலன் தருவதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். காரணமும் தெளிவு. குடிக்கத் தோன்றும் அந்தி நேரத்தில் பஜனை இருக்கிறது, எல்லாரும் "சாமி" என்று மரியாதையாக அழைக்கிறார்கள், வீட்டில் போத்தல் இல்லை, கூட்டாளிகளும் கூப்பிடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்று இத்தனையும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. 41 நாளில் உடம்பின் தாங்குசக்தியும் குறைந்துவிடும்; பழைய அளவைக் குடித்தால் தாங்காது. எனவே மாலை கழற்றும் வாரத்துக்கே ஒரு மருத்துவச் சந்திப்பை முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். அந்திப் பூசையை விடாதீர்கள். சம்பள நாளன்று பணம் மனைவி கணக்குக்குப் போகட்டும். வழக்கமான கோப்பிக்கடையைத் தாண்டாத பாதையில் வீடு திரும்புங்கள். மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு என்று எல்லாரும் பேசுகிறோம். கையில் குவளை வந்த பிறகு அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. நண்பகலில் நிறைய இருக்கிறது. முடிவுகளை அப்போதே எடுத்துவிடுங்கள்.

குருசாமிகளே, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மாலையை அணிவிக்கும் முன் தனியாக அழைத்து, காலையில் கை நடுங்குமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாலை ஒரு வாரம் தள்ளிப் போகலாம்.