காப்பீட்டு அட்டை எந்தச் செலவைத் தாங்கும், எதைத் தாங்காது: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு

மருத்துவக் காப்பீடு பற்றிய செய்திகளில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். கிராமங்களில் நூற்றுக்கு 14 பேருக்கும் நகரங்களில் 19 பேருக்கும்தான் காப்பீடு இருக்கிறது என்பது ஒன்று. நாட்டில் 41 சதவீதக் குடும்பங்களுக்குக் காப்பீடு இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே அரசு எடுத்த கணக்கு. எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். எண்ணியது வேறு வேறு.

முதல் எண் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றிலிருந்து வருவது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை 1,13,823 வீடுகளில், சுமார் ஐந்தரை லட்சம் பேரிடம் விவரம் எடுத்தார்கள். இதில் ஒவ்வோர் ஆளுக்கும் காப்பீடு உண்டா என்று தனித்தனியே எண்ணினார்கள். இரண்டாவது, தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019–21. அதில் வீட்டில் ஒருவருக்குக் காப்பீடு இருந்தாலே அந்த வீடு முழுவதும் ‘உண்டு’ கணக்கில் சேர்ந்துவிடும். வேலை பார்க்கும் மகன் பேரில் மட்டும் பாலிசி இருந்து, அம்மா அப்பாவுக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த வீடு காப்பீடு உள்ள வீடுதான். போதாக்குறைக்கு, இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில், 2018 செப்டம்பர் 23 அன்று, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டாவது ஆய்வு காட்டியது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள். 2009 முதலே மாநில அரசின் காப்பீடு ஏதோ ஒரு பெயரில் இங்கே இருந்துவருவதுதான் காரணம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர் மக்கள் சொல்வதைத்தான் எழுதிக்கொள்கிறார். அட்டை பெட்டியடியில் கிடக்க, அது எதற்கென்றே தெரியாதவர் ‘இல்லை’ என்று சொன்னால் கணக்கிலும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் அது அவருக்கு உதவாது.

இனி செலவு. அதே 75ஆவது சுற்றின்படி, பிரசவம் நீங்கலாக, ஒரு முறை படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும், தனியாரில் 31,845 ரூபாயும் ஆனது. ஏழு மடங்கு வித்தியாசம். இந்தத் தொகையில் மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, படுக்கை வாடகை எல்லாம் அடங்கும். ஆட்டோ, பஸ், கூட இருப்பவரின் சாப்பாடு ஆகியவை ஆய்வில் தனிக் கணக்கு. போன கூலி இதில் வராது. சராசரியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆளுக்கு 4,000 செலவழித்து, ஒருவர் மட்டும் 1,84,000 செலவழித்தால் சராசரி 22,000 வரும். அந்த 22,000 யாருடைய செலவும் இல்லை. காப்பீடு அந்தப் பத்தாவது ஆளுக்கானது. மருத்துவமனைக்குப் போனவர்கள் காசுக்கு என்ன செய்தார்கள் என்பதும் ஆய்விலேயே தெரிகிறது: கிராமங்களில் மருத்துவமனைச் செலவுக்குச் சுமார் 80 சதவீதம் பேர் முக்கியமாகக் கைக்காசையும் சேமிப்பையும் நம்பியிருந்தார்கள், 13 சதவீதம் பேர் கடனை.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொரு ஜோடி எண்கள். ஒரு வருடம் முழுவதிலும் நூற்றுக்கு 2.9 பேர்தான் மருத்துவமனையில் படுத்தார்கள். ஆனால் ஆய்வுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொன்னவர்கள் 7.5 பேர். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் அந்த 2.9 பேருக்கு வேலை செய்கிறது. காய்ச்சலுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் காசு, சர்க்கரை மாத்திரை, ரத்தப் பரிசோதனை ஆகிய புறநோயாளிச் செலவு அட்டையில் வராது. ‘அட்டை இருந்தும் காசு போகிறதே’ என்ற புகாரில் பாதி இதனால்தான். இந்தப் பக்கத்துச் செலவைக் குறைப்பது காப்பீடு அல்ல, ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் அங்கே இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே வரும். மாதா மாதம் மருந்துக்கடைக்குப் போகும் பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் காப்பீட்டைவிட இதுதான் கைகொடுக்கும்.

கடலூர் மாவட்டத்தினருக்கு உரியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. அப்போது தகுதியில்லை என்று திரும்பியவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. ஆளுக்கு அல்ல, எல்லோருக்கும் சேர்த்து. குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். பிறகு குடும்பத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் குடும்ப அட்டையில். கல்யாணமான பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். பிரசவத்தில் சிக்கலாகிக் கணவர் வீட்டு அட்டையை நீட்டினால் அதில் அவர் இல்லை. ஆதாரில் ‘முத்துலட்சுமி’, குடும்ப அட்டையில் ‘முத்துலெட்சுமி’ என்று இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். இதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றுகொண்டு பெயர் சேர்க்க முடியாது.

புதுச்சேரியில் ஆயுஷ்மான் பாரத். இதிலும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் ஆயுஷ்மான் மேஜையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்; 14555 என்ற எண்ணிலும் கேட்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வயவந்தனா அட்டை உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது, ஆதார் ஒன்றே போதும். வயதும் ஆதாரில் உள்ளபடிதான். குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால், பெரியவர்களுக்கென்று இன்னொரு ஐந்து லட்சம் தனியாகச் சேரும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை எல்லைதான். கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் கடலூர். ரெட்டிச்சாவடி ஒரு மாநிலம், கிருமாம்பாக்கம் இன்னொன்று. பாகூர்க்காரர் கடலூர் வருவார், பண்ருட்டிக்காரர் கோரிமேடு ஜிப்மருக்குப் போவார். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியல் வழியாக ஆயுஷ்மானில் சேர்ந்த குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் அட்டை செல்லும். மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பத்துக்கு அது செல்லாமல் போகலாம். இரண்டு பேர் கையிலும் அட்டை ஒரே மாதிரி இருக்கலாம். அதனால் எல்லை தாண்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த அட்டை அங்கே செல்லுமா? இந்த நோய்க்கு அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? பல மருத்துவமனைகள் சில பிரிவுகளுக்கு மட்டும்தான் சேர்ந்திருக்கும். எலும்பு முறிவுக்கு உண்டு, இதயத்துக்கு இல்லை என்று ஆகும்.

மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வரிசை முக்கியம். முதலில் காப்பீட்டு மேஜை, அங்கிருந்து முன் அனுமதி, பிறகுதான் ஆபரேஷன். பணம் கட்டிச் சிகிச்சை முடித்துவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் திருப்பித் தர மாட்டார்கள், ஏனென்றால் இது மருத்துவமனைக்கு நேரே பணம் போகும் திட்டம். அவசரம் என்றால் சிகிச்சை தொடங்கட்டும். வீட்டில் ஒருவர் அட்டையோடு அந்த மேஜைக்கு உடனே போக வேண்டும். அனுமதி வந்த சிகிச்சைக்கு மேலே தனியாகக் காசு கேட்கக் கூடாது. ‘வெளியே வாங்கி வாருங்கள்’ என்று மருந்துச்சீட்டு கொடுத்தால், எதற்கு என்று மேஜையில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுத் திட்டப் புகாருக்கு 1800 425 3993. நோயாளி இன்னும் படுக்கையில் இருக்கும்போதே கூப்பிடுவது நல்லது. வீடு திரும்பிவிட்டால் விசாரிப்பது கடினம்.

ஆயுஷ்மான் திட்டத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தும் அதே தொகைக்குள் அடக்கம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.